வருவதாகச் சொன்னாள்

6 ஜூலை 2025, ஞாயிறு

இன்று ஸ்பானிஷ் வகுப்பில் புது வினைக்காலம் ஆரம்பம். நடந்ததும் இல்லை, நடப்பதும் இல்லை. 'செய்வேன்தான், ஆனால்...' என்று இழுப்போமே, அதற்கென்று ஸ்பானிஷ்காரர்கள் தனியாக ஒரு காலமே வைத்திருக்கிறார்கள். பிலார் டீச்சர் வலென்சியாவில் தன் சமையலறையில் உட்கார்ந்து செல்போன் வழியாகச் சொல்லிக் கொடுத்தார். நிகழ்காலத்தில் வினையின் வாலை வெட்டிவிட்டு ஒட்டுவோம். இதில் வெட்டவே கூடாது. முழுச் சொல்லும் நிற்க, பின்னால் ஒட்ட வேண்டியதுதான்.

அப்லார் என்றால் பேசுவது. அப்லாரியா, பேசுவேன். அப்லாரியாஸ், பேசுவாய். மறுபடியும் அப்லாரியா, அவள் பேசுவாள். அப்லாரியாமோஸ், அப்லாரியாயிஸ், அப்லாரியான். ஆறும் எழுதியாயிற்று.

தினம் ஒரு வினை, ஒரு உண்மையான வாக்கியம். அதுதான் வீட்டுப்பாடம். 'இப்படி இருந்தால்' என்கிற பாதி அடுத்த பாடமாம். இப்போதைக்கு 'இதைச் செய்வேன்' என்கிற பாதி மட்டும் போதுமாம்.

என் வாக்கியம்: விவிரியா சோலா. தனியாக வாழ்வேன்.

இந்தத் தீவில், கராச்சர்மாவில், இந்த வீட்டைக் கட்டியவர் எங்கள் அப்பா. இப்போது இது தம்பி ஹரிஹரன் வீடு. பிள்ளை இல்லை என்று மதுரையில் புருஷன் வீட்டார் என்னைத் திருப்பி அனுப்பி எட்டு வருடம் ஆகிறது. எட்டு வருடமும் முன்னறைக் கட்டில்தான். வருகிறவன் போகிறவன் எல்லாம் என் தலைமாட்டில் செருப்பைக் கழற்றுகிறான். உள்ளிருந்து நான் தாழ் போடுகிற மாதிரி ஒரு கதவு வேண்டும். வேறு என்ன கேட்டேன்?

13 ஜூலை, ஞாயிறு

பிலார் டீச்சர் கேட்ட கேள்விக்கு நான் மனதுக்குள் வாலை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அடுக்களையிலிருந்து பதில் வந்துவிட்டது. ராஜகுமாரி. தம்பி பெண்டாட்டி. டீச்சர் கைதட்டிச் சிரித்தார்.

பதினான்கு மாதமாக நான் நோட்டுப் போட்டுப் படிக்கிறேன். இவள் பூண்டு உரித்துக்கொண்டே படித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பத்தாவது தாண்டாதவள். அவள் அப்பா வெள்ளைச்சாமி இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் வெட்டியவர், சுனாமிக்கு அப்புறம் ரங்கத் பக்கம் ஒதுங்கியவர். அந்த வீட்டில் இப்படி ஒரு காது எங்கிருந்து வந்தது?

"எப்படிடி தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"நீங்க தினமும் சத்தமா சொல்றீங்கள்ல அண்ணி. காதுல விழுந்துச்சு."

எனக்கு வயிறு எரிந்தது. எழுதி வைக்கிறேன், வேறு யாரிடம் சொல்வது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

நான் வேலை பார்க்கும் டூர் கம்பெனியில் செய்தி. ஸ்பெயினிலிருந்து நவம்பர் முதல் மார்ச் வரை குழு குழுவாக ஆட்கள் வரப்போகிறார்கள். அவர்களைக் கப்பல், ஓட்டல், கடல் என்று கூட்டிக்கொண்டு அலைய ஸ்பானிஷ் தெரிந்த ஒருவர் வேண்டும். ஒரே ஒரு இடம். முதலாளி சந்திரமோகன் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "க்வார்ட்டர்ஸும் உண்டு. ஃபீனிக்ஸ் பேல, படகு ஜெட்டி பக்கம். சிங்கிள் ரூம்."

மூன்று வருடமாக ஹேவ்லாக் படகுக்கு டிக்கெட் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்றே சந்தேகமாக இருந்தது. தெரிந்திருக்கிறது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

நுணலும் தன் வாயால் கெடும்.

சந்திரமோகன் ஏதோ பேப்பரில் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று பிலார் டீச்சரை அவரோடு பேச வைத்தேன். ராஜி டீ கொண்டுவந்தாள். டீச்சர் அவளைக் கண்டதும் என்னவோ கேட்க, இவள் தட்டோடு நின்றபடியே படபடவென்று பதில் சொன்னாள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பாதி புரியவில்லை.

"அரே, இவங்க யாரு?"

"தம்பி வொய்ஃப் சார். என்கூட சேர்ந்து கத்துக்கிறா." பெருமையாகச் சொன்னேன். நானேதான் சொன்னேன்.

"அப்ப ரெண்டு பேரும் வாங்க. குழு அனுப்புற ஸ்பெயின் கம்பெனி மேடம் அடுத்த மாசம் வர்றாங்க, அவங்களே டெஸ்ட் வெக்கட்டும். யாரு நல்லா பேசுறாங்களோ அவங்களை எடுப்போம்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ராஜி சமைக்கும்போது முணுமுணுப்பது இப்போது சினிமாப் பாட்டு இல்லை.

8 செப்டம்பர், திங்கள்

ராஜியின் அப்பா வெள்ளைச்சாமி கமுகு மரத்திலிருந்து வழுக்கி விழுந்துவிட்டார். கால் எலும்பு போய்விட்டது. ராஜி விடிகாலை பஸ்ஸில் ரங்கத் போனாள். டெஸ்ட் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. வியாழக்கிழமை திரும்பி வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பஸ் ஏற்றிவிடும்போது, "அப்பாவைப் பார்த்துக்கோ, டெஸ்ட் கிடக்கட்டும்" என்றேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பஸ் கிளம்பியதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு?

10 செப்டம்பர், புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணி. சந்திரமோகன் சொன்னார், "நளினி, மேடம் ப்ரோக்ராம் சேஞ்ச். நாளைக்கே ஹேவ்லாக் போறாங்க. டெஸ்ட் நாளைக்கு காலைல எட்டு மணி. உங்க வீட்டுப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சொல்லிடுறேன் சார்."

ரங்கத்திலிருந்து வர ஒரே வழி, ஜாரவா பழங்குடிகளின் காட்டுச் சாலை. அதில் நினைத்த நேரத்துக்கு வண்டி விடமாட்டார்கள். போலீஸ் காவலோடு கான்வாயாகத்தான் விடுவார்கள், ஒரு நாளில் சில தடவை. மத்தியானக் கடைசிக் கான்வாய் போனதும் கேட்டை மூடிவிடுவார்கள். அப்புறம் மறுநாள் விடிந்தால்தான். ரங்கத்திலிருந்து அந்தக் கேட்டுக்கு வர எத்தனை மணி நேரம் என்பது எனக்குத் தெரியும். டிக்கெட் எழுதுவதுதானே என் தொழில். பன்னிரண்டு மணிக்குள் கிளம்பினால் கடைசிக் கான்வாயைப் பிடிக்கலாம்.

ஒன்பதரைக்குச் செல்போனை எடுத்தேன். வைத்தேன். பத்தரைக்கு ஒரு பெங்காலிக் குடும்பம் டிக்கெட்டுக்கு வந்தது. பதினொன்றே காலுக்கு வேலை ஒன்றும் இல்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு ஆனபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மெதுவாகச் சாப்பிட்டேன், கை கழுவினேன்.

ஒன்று இருபதுக்கு மெசேஜ் அனுப்பினேன். 'டெஸ்ட் நாளை காலை 8. உடனே கிளம்பு.'

பொய்யா சொன்னேன்? ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. சொல்லச் சொன்னார், சொன்னேன்.

உடனே பதில் வந்தது. 'இதோ கெளம்பிட்டேன் அண்ணி. எப்படியாவது வந்துர்றேன்.'

11 செப்டம்பர், வியாழன்

மேடத்தின் பெயர் மெர்சேதெஸ். வெள்ளை முடி, ஆண்பிள்ளை மாதிரி கைகுலுக்கல். எட்டு மணிக்கு என்னை உட்கார வைத்து முதலில் மெதுவாகப் பேசினார், புரிந்தது. பிறகு வேகமாகப் பேசினார். வாயில் வந்ததெல்லாம் நோட்டில் இருந்த வாக்கியங்கள்தான்.

அப்போது கேட்டார், இன்னொரு பெண் எங்கே?

"தீஹோ கே யெகாரியா" என்றேன். வந்து சேர்வதாகச் சொன்னாள்.

யெகார், வந்து சேர்வது. யெகாரியா, வந்து சேர்வாள். அன்றைக்குச் சொன்ன சொல்லை இன்றைக்கு எடுத்துச் சொல்லவும் இதே காலம்தான் என்று போன மாதம்தான் பாடம் நடந்தது. ஒரு திக்கல் இல்லை, ஒரு தப்பு இல்லை. மேடம் முகம் மலர்ந்துவிட்டது. மிக நன்று என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் எனக்கு மார்க்.

எவ்வளவு தூரம் என்று கேட்டார். நூற்றெழுபது கிலோமீட்டர் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். நூற்றெழுபது கிலோமீட்டர் அவர் ஊரில் இரண்டு மணி நேரமாம், வர மனமிருந்தால் வந்திருப்பாளாம். காட்டைப் பற்றியும் கான்வாயைப் பற்றியும் வெளிநாட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்? சந்திரமோகன் போனில் பேசிக்கொண்டு வாசலில் நின்றார். சொல்ல வேண்டியவள் நான். சொல்வதற்கு வார்த்தையும் என்னிடம் இருந்தது. காடு, சாலை, போலீஸ், மூன்றும் இரண்டாவது மாதமே படித்தவை.

வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதரைக்கு மேடம் ஜெட்டிக்குக் கிளம்பிவிட்டார். பத்தே முக்காலுக்கு ராஜி வந்தாள். சேலையெல்லாம் சேறு. நேற்றுக் கேட்டுக்கு வந்தபோது மூடி அரை மணி நேரமாம். கேட்டுக்குப் பக்கத்தில் பாராடாங் ஜெட்டியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே கிடந்து, முதல் கான்வாயில் ஒரு மீன் வண்டியில் ஏறி வந்திருக்கிறாள். வழியில் இரண்டு தடவை வாந்தி.

காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு சந்திரமோகனைப் பார்த்து, "சார், எப்ப சார் மாத்துனாங்க?" என்று கேட்டாள்.

"நேத்து காலைலயே சொன்னேனேம்மா."

என் பக்கம் திரும்பவே இல்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மத்தியானச் சமையலைச் செய்திருக்கிறாள்.

12 செப்டம்பர், வெள்ளி

வேலை எனக்குத்தான். எழுத்தில் வந்துவிட்டது.

14 செப்டம்பர், ஞாயிறு

தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"ஒன்பது மணிக்குத் தெரிஞ்சத ஒன்னரைக்கு சொன்னாங்க."

"அட வுடு ராஜி. அக்கா சம்பாதிச்சா என்ன, நீ சம்பாதிச்சா என்ன. வீட்டுக்குள்ள சண்டை ஜகடா வேணாம்."

என் தம்பி நல்லவன். நல்லவன் இருக்கிற வீட்டில் கெட்டவர்களுக்குப் பயமே இல்லை.

19 அக்டோபர், ஞாயிறு

ராஜிக்கு மூன்றாவது மாதம். பாராடாங் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே வயிற்றில் இருந்திருக்கிறது. அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தெரிந்திருந்தால்? பிலார் டீச்சர் 'இருந்தால்' என்கிற பாதியையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தேன். தெரிந்திருந்தால் பன்னிரண்டு மணிக்கு முன் அனுப்பியிருப்பேன் என்று எழுதினேன். உண்மையான வாக்கியம் எழுத வேண்டும் என்பது விதி. அடித்துவிட்டேன்.

4 நவம்பர், செவ்வாய்

முதல் குழு. பன்னிரண்டு பேர். மானம் போயிற்று. ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுகிறார்கள். ஒருத்தி கண்ணீரோடு என்னவோ கேட்டாள், நான் தலையாட்டினேன். மருந்துப் பெட்டி விமானத்திலேயே தங்கிவிட்டது என்றிருக்கிறாள். அது எனக்குப் புரிய மத்தியானம் ஆனது. சந்திரமோகன் முகம் சரியில்லை.

வீட்டுக்கு வந்து ராஜியைக் கூப்பிட்டேன். மே அயுதாரியாஸ் என்றேன். எனக்கு உதவுவாயா. பணிவாகக் கேட்கவும் இதே காலம்தான். வேண்டுமென்றே ஸ்பானிஷில் கேட்டேன். தமிழில் கேட்க வாய் வரவில்லை.

அவள் தம்பியைப் பார்த்தாள். "குடும்பத்துக்குத்தானே, செஞ்சு குடு" என்றான் அவன்.

"சரி அண்ணி" என்றாள்.

23 நவம்பர், ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது. செல்போன் மேல்பையில், காதில் சின்ன இயர்போன். அங்கே வீட்டில் ராஜி கேட்டுக்கொண்டிருப்பாள். அவர்கள் சொன்னது என்ன என்று தமிழில் ஒரு வரி, நான் சொல்ல வேண்டியது ஸ்பானிஷில் ஒரு வரி. நான் வாயசைக்கிறேன். ஸ்பெயின் கம்பெனிக்குப் போகும் கடிதமெல்லாம் அவள்தான் எழுதுகிறாள். நேற்று ஒரு தாத்தா என் கையை முத்தமிட்டு, இவ்வளவு அழகாகப் பேச எங்கே கற்றாய் என்று கேட்டார். அதையும் ராஜிதான் எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, பதிலையும் சொன்னாள்: "அடுக்களையில்னு சொல்லுங்க அண்ணி."

சொன்னேன். தாத்தா ரசித்துச் சிரித்தார். என் காதில் ஒரு சத்தமும் இல்லை.

14 டிசம்பர், ஞாயிறு

க்வார்ட்டர்ஸ் பார்க்கப் போனேன். ஒரு அறை, ஒரு ஜன்னல், குழாயைத் திறந்தால் தண்ணீர். கதவுக்கு உள்தாழ் இருந்தது. போட்டுப் பார்த்தேன், எடுத்தேன், மறுபடி போட்டேன்.

சாவியைச் சந்திரமோகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "குடும்பத்தை விட்டு இருக்க முடியாது சார்" என்றேன்.

"நல்ல பழக்கம்" என்றார்.

பழக்கமாவது மண்ணாவது. காலையில் எழுந்ததும் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் பக்கத்தில் வேண்டும். ராஜி அடுத்த அறையில் இல்லாவிட்டால் மூன்றே நாளில் என் சாயம் வெளுத்துவிடும். எட்டு வருடம் கேட்டதை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

25 ஜனவரி 2026, ஞாயிறு

ஏழாம் மாதம் வளைகாப்பு. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதுதான் முறை. சீசன் மார்ச் கடைசிவரை இருக்கிறது. ரங்கத்தில் மெசேஜ் போகும், நாள் முழுக்கப் பேச சிக்னல் நிற்காது.

தம்பியிடம் பேசினேன். பெரிய ஆஸ்பத்திரி இங்கேதான் இருக்கிறது. ரங்கத்தில் சிக்கலாகிவிட்டால் ஆம்புலன்ஸில் போட்டு அந்தக் காட்டு வழியாகத்தானே கொண்டுவர வேண்டும்? "ரோட்டைப் பாத்தியா? நீ அப்பன், நீதான் யோசிக்கணும்" என்றேன். பயந்துவிட்டான். பயப்படும்படியாகத்தான் சொன்னேன். சொன்னதில் பாதிக்குமேல் உண்மை. அதுதான் என் வழக்கம் ஆகிவிட்டது.

8 பிப்ரவரி, ஞாயிறு

வளைகாப்பு. ராஜியின் அம்மா தங்கம்மா ரங்கத்திலிருந்து ஐந்து சாதமும் பண்டமும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் வளையல் தட்டை எடுத்தபோது, எங்கள் பெரியம்மா ஒச்சம்மா எல்லார் எதிரிலும் சொன்னாள், "நீ செத்த தள்ளி நில்லு நளினி. புருசன் புள்ளையோட இருக்கவுக மொதல்ல போடட்டும்."

நாற்பது பேர். ஒருத்தர்கூட 'என்ன பேச்சு இது' என்று கேட்கவில்லை. தம்பி பந்தல் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். எம் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெப்பேன்?

ராஜி கையை நீட்டினாள். "அண்ணி, நீங்க போடுங்க. நீங்கதான் மொதல்ல."

போட்டேன். பச்சையும் சிவப்புமாக, ஒவ்வொன்றாக. அவள் என் கண்ணையே பார்த்தாள். செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவை. உண்மையான பிரியமா? இல்லை, அம்மாவோடு அனுப்பிவிடுவேன் என்கிற ஆசையா? யோசித்துப் பார்த்தேன். ஆசைதான் என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி முடிவு செய்தால்தான் மேற்கொண்டு நடக்க வேண்டியது நடக்கும்.

9 பிப்ரவரி, திங்கள்

தங்கம்மா காலையில் மகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு ஆரம்பித்தான். ரோடு, கான்வாய், ஆஸ்பத்திரி. நான் சொல்லிக் கொடுத்த வரிசை மாறவில்லை.

"என்னா மாப்புள இப்புடி சொல்றீங்க? தோட்டத்து லயத்துல, மருத்துவச்சி கூட இல்லாம நாலு பெத்தவ நானு. எம் புள்ளைய நான் பாத்துக்க மாட்டனா? பேருக்கு ஒரு பத்து நாளாவது அனுப்புங்க."

அவன் என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்களுக்கு ராஜியோட உயிர்தான் முக்கியம்மா" என்றேன்.

தங்கம்மா பையிலிருந்து துணியை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். பத்து மணி பஸ்ஸுக்கு வெறும் பையோடு போனாள். ராஜி வாசல்வரை போய் நின்றாள். வளையல் சத்தம்கூட இல்லை, கையை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பதினெட்டுப் பேர் கொண்ட குழு. நல்லபடியாக நடந்தது.

15 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் ராஜி மெர்சேதெஸ் மேடத்துக்கான கடிதத்தை எழுதி முடித்து என்னிடம் கொடுத்தாள். அடுத்த வருடமும் நானே இருக்க வேண்டும் என்று மேடம் கேட்டிருந்தார், அதற்கு நன்றி. அருமையாக எழுதியிருக்கிறாள் போலிருக்கிறது.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். புள்ளைகிட்ட நான் ஸ்பானிஷ்லதான் பேசப் போறேன்."

"எதுக்குடி? இங்க யாருக்குப் புரியும்?"

"தமிழ் வீட்ல எல்லாரும் பேசிக்குவீங்க. ஹிந்தி தெருவுலயே வந்துரும். இது மட்டும் எனக்கும் புள்ளைக்கும்."

குரலில் கோபம் இல்லை. உலை கொதிக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போதே ஆரம்பித்துவிட்டாள். அடுக்களைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு பேசுகிறாள். நான் முன்னறைக் கட்டிலில் இருந்து கவனித்தேன். ரியா, ரியா என்று வால்கள் மட்டும் கேட்கின்றன. எதைச் செய்வாள், எங்கே போவாள், யார் போவார்கள், எந்த வினையும் பிடிபடவில்லை. எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. நடுவில் ஒரு தடவை என் பெயரைச் சொன்னாள்.